நீல ரோஜாவும் ஒரு எலுமிச்சம்பழமும்

சங்கரன்கோவில் பூவுக்குப் பேர் போன ஊர். ஆனால் அந்தப் பேர் ரோஜாவால் வந்ததில்லை. சுற்றிலும் இருக்கிற கிராமங்களில் இருட்டோடு இருட்டாகப் பறித்த மல்லிகையும் பிச்சியும் காலையில் மார்க்கெட்டில் வந்து இறங்கும். எடை போட்டு, விலை பேசி, வெயில் ஏறுவதற்குள் ஒரு பகுதி சரக்கு கேரளாவுக்கு வண்டி ஏறிவிடும். முகூர்த்த நாள் என்றால் விலை எகிறும். முகூர்த்தம் முடிந்த மறுநாள் அதே பூ தரைக்கு வரும். தை, மாசிப் பனியில் வரத்து குறைந்தால் ஒரு கிலோ மல்லிகை ஆயிரங்களில் விற்கும். இதெல்லாம் ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம்.

ரோஜா மட்டும் இந்த ஊருக்கு விருந்தாளி. மாலையில் கோர்க்கிற ரோஜாவுக்கே திண்டுக்கல், நிலக்கோட்டைப் பக்கம் பார்க்க வேண்டும். நீளக் காம்போடு ஒற்றையாக நிற்கிற ரோஜா என்றால் ஓசூர்தான். வருஷம் முழுக்க அதைக் கேட்டு வருகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். பிப்ரவரி பிறந்து ஒரு வாரம் போனதும் கதை மாறிவிடும். பூக்கடை வாசலில் பிளாஸ்டிக் வாளி வரும். வாளியில் தண்ணீர், தண்ணீரில் சிவப்பு ரோஜா. அதுவரைக்கும் 'சாமிக்கா, தலைக்கா?' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் மூன்றாவதாக ஒரு வாடிக்கையாளரைப் பார்ப்பார். அவருக்கு வயது பத்தொன்பது இருக்கும். விலை கேட்கிற குரலே வெளியே வராது :-)

ரத வீதிப் பக்கம் பூக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவரின் கதை இது. அவர் மனைவி பூக் கட்டுவார், அண்ணாச்சி வியாபாரம் பார்ப்பார். 2024 வரை அவரும் சிவப்பு ரோஜா மட்டும்தான் விற்றார். அந்த வருஷம் பாலிடெக்னிக்கில் படிக்கிற அக்கா மகன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். "மாமா, எல்லாக் கடையிலயும் செவப்புதான் கெடக்கு. நாம நீலம் விப்போம். வேற எவன்ட்டயும் இருக்காது."

வணிகவியல் புத்தகத்தில் இதற்கு 'ப்ராடக்ட் டிஃபரன்சியேஷன்' என்று ஒரு பெரிய பேர் உண்டு. அக்கா மகன் அதைப் படித்ததில்லை. படிக்காமலே சரியாகச் சொல்லிவிட்டான்.

கணக்கைப் பார்த்தால் அவன் எவ்வளவு சரி என்று தெரியும். சிவப்பு ரோஜா அந்த வாரத்தில் அண்ணாச்சிக்கு ஒன்று 20 ரூபாய்க்கு வந்து விழுகிறது. பக்கத்துக் கடையிலும் சிவப்பு இருப்பதால் 30க்கு மேல் விற்க முடியாது. விற்றால் 10 லாபம், விற்காவிட்டால் 20 நஷ்டம். அப்படியானால் 'இது விற்பதற்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாய்ப்பிருக்கிறது' என்று தோன்றினால்தான் இன்னொரு ரோஜாவை வாளியில் சேர்க்கலாம். இப்போது நீலத்துக்கு வாருங்கள். வெள்ளை ரோஜா 15 ரூபாய். சாயம், ஜிகினா, கண்ணாடித்தாள், ரிப்பன் எல்லாம் சேர்த்து 5. அடக்கம் அதே 20தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துக் கடையில் நீலம் இல்லை. அதனால் விலை 50. விற்றால் 30 லாபம், விற்காவிட்டால் அதே 20 நஷ்டம். விற்கிற வாய்ப்பு பாதிகூட வேண்டாம், நூற்றுக்கு நாற்பதைத் தாண்டினாலே போதும், வாங்கிப் போடலாம்.

காலேஜில் இதைப் 'பேப்பர்காரர் கணக்கு' என்று நடத்துவார்கள். நாளைக்கு உதவாத சரக்கை இன்றைக்கு எவ்வளவு வாங்குவது என்பதுதான் கேள்வி. பூக்கடைக்காரர்கள் தினமும் காலையில் பேப்பரும் பேனாவும் இல்லாமல் இதைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வெள்ளை ரோஜா 100 வந்தது. அண்ணாச்சி வாளியை எடுத்தார்.

இந்த இடத்தில் ஓசூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட 3000 அடி உயரம், அதிக வெயிலும் இல்லாத அதிகக் குளிரும் இல்லாத சீதோஷ்ணம், விமானம் ஏற்ற பெங்களூரு பக்கத்திலேயே. காதலர் தினத்துக்கு வெளிநாடு போகிற இந்திய ரோஜாவில் ஓசூருக்குப் பெரிய இடம் கிடைத்தது இதனால்தான். சிவப்பில் 'தாஜ்மஹால்' என்கிற ரகம், வெள்ளையில் 'அவலாஞ்ச்', மஞ்சளில் 'கோல்டு ஸ்ட்ரைக்' என்று பசுமைக்குடிலுக்குள் வளர்க்கிறார்கள். செடி தன் இஷ்டத்துக்குப் பூத்தால் பிப்ரவரி 14 தாண்டிவிடும். அதனால் டிசம்பரிலேயே கிளையை வெட்டிவிட்டு, ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்து எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் மொட்டு விடும்படி கணக்குப் பண்ணுகிறார்கள். மொட்டு முன்கூட்டி விரியாமல் இருக்க அதன் மேல் சின்ன வலைத்தொப்பி போடுகிறார்கள். வெட்டிய பூவைக் காம்பின் நீளம் பார்த்துப் பிரித்து, 20 பூவாகக் கட்டி, குளிர் அறையில் வைக்கிறார்கள். ஒரு நாள் விற்பனைக்கு இரண்டு மாத உழைப்பு. அந்த நாளில் விற்கவில்லை என்றால் அந்த விலை திரும்பவும் கிடைக்க ஒரு வருஷம் ஆகும்.

இவ்வளவு பாடுபட்டாலும் ஓசூரில் ஒரு நிறம் மட்டும் விளையாது. அது நீலம். ஓசூர் என்றில்லை, உலகத்தில் எந்தத் தோட்டத்திலும் இயற்கையாக விளையாது. நீலப் பூக்கள் பலவற்றுக்கு நிறம் தருகிற டெல்ஃபினிடின் என்கிற நிறமியைத் தயாரிக்கும் நொதி ரோஜாவின் உடம்பிலேயே கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் ஃப்ளோரிஜீன் நிறுவனமும் சேர்ந்து 1990இல் ஆராய்ச்சியில் இறங்கின. பான்ஸிப் பூவிலிருந்து ஒரு மரபணுவை எடுத்து ரோஜாவுக்குள் வைத்தன. 2004இல் வெற்றி என்று அறிவித்தார்கள். 2009இல் 'அப்ளாஸ்' என்ற பேரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, சாதாரண ரோஜாவைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு விலையில். அவ்வளவு செய்தும் வந்த நிறம் கத்தரிப்பூ வெளிறின மாதிரி ஒரு ஊதாதான். அந்த ரோஜாவோடு வாளியில் இருக்கிற நீலத்தை வைத்துப் பார்த்தால் வாளிதான் ஜெயிக்கும். ஏனென்றால் வாளியில் இருப்பது சாயம்.

சாயம் ஏற்ற இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, குடிக்க வைப்பது. வெட்டிய வெள்ளை ரோஜாவைக் கொஞ்ச நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, பிறகு சாயத் தண்ணீரில் நிறுத்தினால் தாகத்தில் உறிஞ்சும். காம்பின் குழாய்கள் வழியாக ஏறி முதலில் இதழின் நரம்பிலும் ஓரத்திலும் தெரிய ஆரம்பித்து, மெதுவாக உள்ளே பரவும். காம்பை நெடுக்காகக் கீறி, ஒவ்வொரு கீற்றையும் ஒவ்வொரு சாயத்தில் வைத்தால் ஒரே பூவில் பல நிறம் வரும். நெதர்லாந்தில் பீட்டர் வான் டி வெர்கன் என்பவர் 2000களில் 'வானவில் ரோஜா' என்று இதைத்தான் உலகம் முழுக்க விற்றார். காம்பை இரண்டாகக் கீறினால் பாதி ஒரு நிறம், பாதி ஒரு நிறம். ஒரே உடம்பில் இரண்டு பேர் நிற்பது சங்கரநாராயணர் குடியிருக்கிற ஊருக்குப் புதுசு இல்லை என்றாலும், ரோஜாவில் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வழி, மேலே அடிப்பது. சாயப் பொடியைக் கரைத்து இதழ் மேல் தெளித்து, ஈரம் காய்வதற்குள் ஜிகினாவைத் தூவி, காற்றாட வைத்தால் வேலை முடிந்தது. குடிக்க வைப்பதற்கு ஒரு ராத்திரி ஆகும். அடிப்பதற்குப் பத்து நிமிஷம். ஆனால் மேலே அடித்த மலிவுச் சாயம் இதழுக்குள் போகாது, மேலேயே உட்கார்ந்திருக்கும். ஈரக் கையோ வேர்த்த கையோ பட்டால் பூவை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளும்.

அண்ணாச்சியும் அக்கா மகனும் பத்து நிமிஷ வழியைப் பிடித்தார்கள்.

2024 பிப்ரவரி 14 ஒரு புதன்கிழமை. காலை ஏழரைக்கே பையன்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாருக்கும் சொல்லி வைத்த மாதிரி ஒரே கேள்வி.

"அண்ணாச்சி, இது நெசமாவே நீல ரோஸா?"

"ஆமாய்யா. ஊட்டியில வெளையுது."

முதல் தடவை சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கியதாம். பத்தாவது தடவைக்குள் பழகிவிட்டது. 'பனி அதிகமா இருக்கிற எடத்துல மட்டுந்தான் வரும்' என்று கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். பொய்யும் மாலை மாதிரிதான், ஒரு பூ வைத்துவிட்டால் அடுத்த பூ தானாக வந்து சேரும்.

யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால் வாங்கினவர்களுக்கும் அந்த ஊட்டி தேவைப்பட்டது. சிவப்பு ரோஜா என்றால் ஊருக்கே அர்த்தம் தெரியும். பஸ்ஸில் ஒரு பெண் கையில் சிவப்பு ரோஜா இருந்தால் கண்டக்டரிலிருந்து கடைசி சீட்டுப் பாட்டி வரை அவள் என்ன சேதி சுமந்துகொண்டு போகிறாள் என்று படித்துவிடுவார்கள். நீலத்துக்கு அப்படி அகராதி கிடையாது. ஃப்ரெண்டு கொடுத்தது, பிறந்தநாளுக்கு வந்தது, காலேஜ் ஃபங்ஷனில் கொடுத்தார்கள், எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அண்ணாச்சியின் அக்கா மகன் விற்றது புதுமை என்று நினைத்தான். உண்மையில் அவன் விற்றது தப்பித்துக்கொள்ள ஒரு வழி. நீலம் அவ்வளவு வேகமாகக் காலியானதற்கு அழகைவிட இது பெரிய காரணமாக இருந்திருக்கும்.

சாயம் போட்ட பூவை இப்படி ரகசியச் சேதியாக வைத்துக்கொண்டது இந்த ஊர்ப் பையன்கள் மட்டும் இல்லை. 1892 பிப்ரவரியில் லண்டனில் ஆஸ்கார் வைல்டின் நாடகம் ஒன்று முதல்முறையாக மேடையேறியது. அன்றைக்கு நண்பர்கள் சிலரைக் கோட்டில் பச்சைக் கார்னேஷன் பூ குத்திக்கொண்டு வரச் சொன்னார் வைல்டு. கார்னேஷனில் அந்தப் பச்சை இயற்கையாக வராது, வெள்ளைப் பூவுக்குச் சாயம் ஏற்றியது. என்ன அர்த்தம் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். தெரிந்தவனுக்குத் தெரியும், தெரியாதவனுக்கு அது வெறும் பூ. ஆணும் ஆணும் காதலித்தால் ஜெயில் என்று சட்டம் இருந்த காலம் அது. மூன்று வருஷம் கழித்து 1895இல் வைல்டையும் அந்தச் சட்டம் இரண்டு வருஷக் கடுங்காவலுக்கு அனுப்பியது. வெளியே சொல்ல முடியாத இடத்தில்தான் காதலுக்குச் சாயம் போட்ட பூ தேவைப்படுகிறது போல.

அன்றைக்குச் சாயங்காலம் நாலரை மணி. கடை வாசலில் கூட்டம் குறைந்திருந்தது. பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குழாயில் ஒரு பெண் கை கழுவிக்கொண்டிருந்தாள். தோளில் காலேஜ் பை. ரொம்ப நேரமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி முதலில் கவனிக்கவில்லை. குழாயடிச் சிமெண்டில் நீலத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் எழுந்து போனார்.

வலது கை உள்ளங்கை முழுக்க நீலம். விரல் இடுக்கில், நகக்கண்ணில் எல்லாம் நீலம். அதில் கொஞ்சம் ஜிகினா வேறு மின்னிக்கொண்டிருந்தது. ரோஜா கையில் இல்லை. எங்கே போட்டாளோ.

"சோப்பு போட்டியா தாயி?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பயந்த முகம். "போட்டேன் அண்ணாச்சி. போவ மாட்டேங்கு."

"எத்தன மணிக்கு பஸ்ஸு?"

"அஞ்சேகாலு."

"வீட்ல என்ன சொல்லுவ?"

"ரெக்கார்டு எழுதும்போது இங்க் கொட்டிட்டுன்னு சொல்லுதேன்."

"இப்ப யாரு தாயி இங்க் பேனாவுல எழுதுதா?"

அவள் பதில் சொல்லவில்லை. மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்து, சிவப்புக்கு மேல் நீலம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

பூக்கடையில் எப்போதும் இருக்கிற இன்னொரு சரக்கு எலுமிச்சம்பழம். அம்மனுக்கு மாலை கட்ட வைத்திருப்பார்கள். அண்ணாச்சி கூடையிலிருந்து நாலு பழத்தை எடுத்து, நார் வெட்டுகிற கத்தியால் இரண்டு இரண்டாக நறுக்கினார். டீக்கடையிலிருந்து ஒரு கை உப்பு வாங்கி வந்தார். அண்ணாச்சியின் மனைவி கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்துவிட்டு வந்து, அந்தப் பெண்ணின் கையைத் தன் மடியில் வைத்து, உப்பைத் தொட்டுத் தொட்டுப் பழத்தால் தேய்த்தார். யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், பூவைக் கொடுத்தது யார் என்று எதுவும் கேட்கவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

நாலு பழமும் தீர்ந்தது. முழுசாகப் போகவில்லை. ஆனால் வெளிறியது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

"யாராவது கேட்டா, காலேஜுல கலர் கோலம் போட்டோம்னு சொல்லு தாயி. கோலப்பொடி ஒட்டுனா இப்படித்தான் இருக்கும்" என்றார் அண்ணாச்சி.

அவள் தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடினாள்.

காலையில் ஊட்டி என்று ஒரு பொய், சாயங்காலம் கோலப்பொடி என்று ஒரு பொய். ஒரே நாளில் ஒரே பூவுக்காக அண்ணாச்சி சொன்னவை. முதல் பொய்யில் ஒரு பூவுக்கு 30 ரூபாய் கிடைத்தது. இரண்டாவது பொய்யில் நாலு எலுமிச்சம்பழம் செலவு. ராத்திரி கல்லாவை எண்ணினார். 100க்கு 88 விற்றிருந்தது. 4400 வரவு, 2000 அடக்கம், 2400 லாபம். சிவப்பு ரோஜாவில் அவர் பார்த்ததே இல்லாத லாபம். மீந்த பன்னிரண்டை என்ன செய்வது என்று மனைவி கேட்டார். சிவப்பு மீந்தால் இதழை உதிர்த்து உதிரிப் பூவோடு சேர்த்துவிடலாம், கொஞ்சமாவது காசு தேறும். நீலத்தை உதிர்த்து எந்தச் சாமிக்குப் போட? குப்பையில் போட்டார்கள். மறுநாள் காலை பார்த்தால் குப்பைத்தொட்டிக்குக் கீழே தரையும் நீலம்.

தமிழில் காதலும் பூவும் சேர்வது காதலர் தினத்தோடு வந்தது இல்லை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பேர் வரிசையாக வரும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. அந்தப் பாட்டு யாருக்கு யார் சொல்வது என்பது அவ்வளவாக ஞாபகம் இருக்காது. தலைவியின் காதலைத் தோழி செவிலித்தாயிடம் எடுத்துச் சொல்கிற பாட்டு அது. வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் வாடிக்கொண்டிருக்கிறாள். தோழி பொய் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறாள். இலக்கணத்தில் இதற்குப் பேர் 'அறத்தொடு நிற்றல்'. ஒரு காதலை வீட்டுக்குத் தெரியப்படுத்துவதை அறம் என்று பேர் வைத்த மொழி இது. அந்த மொழி பேசுகிற ஊரில்தான் ஒரு பெண் கையைக் கழுவித் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் பயந்ததில் மிகை எதுவும் இல்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் என்கிற பொறியியல் மாணவர், சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக, மனைவி கௌசல்யா பக்கத்தில் இருக்கும்போதே நடுரோட்டில் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் காட்சி கேமராவில் பதிவாகி நாடு முழுக்கப் பார்த்தது. பார்த்த பிறகும் நின்றுவிடவில்லை.

2025 பிப்ரவரி 14 வெள்ளிக்கிழமை. இந்தத் தடவையும் அக்கா மகன் வந்தான். அண்ணாச்சி முதலில் நீலமே வேண்டாம் என்றார். பிறகு இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, மேலே அடிக்கக் கூடாது, ராத்திரி முழுக்கக் குடிக்க வைக்க வேண்டும். காலையில் வெளியே எடுத்துத் துடைத்து, சாயம் ஏறின காம்பு நுனியை வெட்டி, ஈரத்துணி சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள் கட்ட வேண்டும். ஜிகினா கிடையாது. இரண்டு, ஒரு அட்டை எழுதி வாளியிலேயே குத்தி வைக்க வேண்டும்.

அட்டையில் இவ்வளவுதான்: 'சாயம் ஏற்றிய ரோஜா. விலை 40.'

"மாமா, நீங்களே சாயம்னு எழுதுனா எவன் வாங்குவான்?"

"வாங்குறவன் வாங்கட்டும்ல."

அக்கா மகனின் கேள்வி நியாயமானது. சரக்கின் தன்மையைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் 50 ரூபாய் ரோஜாவுக்காக நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிற காதலன் இன்னும் பிறக்கவில்லை. பக்கத்துக் கடையிலும் அந்த வருஷம் நீலம் வந்துவிட்டது. அங்கே அட்டை கிடையாது, ஊட்டி உண்டு. பொய் சொல்லாத கடைக்காரருக்கு அதனால் என்ன லாபம் என்று எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் தனிக் காலம் இல்லை.

முதலில் வந்த பையன் அட்டையைப் படித்தான். கொஞ்ச நேரம் நின்றான்.

"சாயம்னு நீங்களே எழுதிட்டீங்களா அண்ணாச்சி?"

"ஆமாய்யா."

"கையில ஒட்டுமா?"

"காம்ப ஒடச்சாத்தான் ஒட்டும். அப்படியே குடுத்தா ஒட்டாது."

"அப்ப ரெண்டு குடுங்க."

ராத்திரி எண்ணியதில் 81 விற்றிருந்தது. ஜிகினா இல்லாததால் அடக்கம் 1900. வரவு 3240. லாபம் 1340. போன வருஷத்தைவிட 1060 ரூபாய் குறைவு. இதில் விலையைக் குறைத்ததால் போனது எவ்வளவு, பக்கத்துக் கடை வந்ததால் போனது எவ்வளவு, அட்டையால் போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அண்ணாச்சி பிரிக்கவும் இல்லை. 'பரவால்ல' என்று நோட்டை மூடிவிட்டார்.

அந்தப் பெண் மறுபடி கடைப்பக்கம் வரவில்லை. வந்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அண்ணாச்சிக்கு அவள் முகத்தைவிட அந்தக் கைதான் ஞாபகம் இருக்கிறது.

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் என்கிற 27 வயது மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணோடு பழகியதுதான் காரணம் என்று வழக்கு. பாளையங்கோட்டை சங்கரன்கோவிலிலிருந்து ரொம்ப தூரம் இல்லை, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வு பெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று அக்டோபரில் முதல்வர் சட்டசபையில் அறிவித்தார்.

ஜூலையில் அந்தச் செய்தி பேப்பரில் வந்த காலையில் அண்ணாச்சி கடையைத் திறந்து, பேப்பரைப் படித்து, மடித்து வைத்துவிட்டு, மனைவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"அந்தப் புள்ள கையில அன்னைக்கு நல்லாப் போயிட்டுல்லா?"

"போயிட்டு" என்றார் அந்த அம்மா. கட்டிக்கொண்டிருந்த பூவிலிருந்து தலை நிமிரவில்லை.

இரண்டு பேருக்குமே தெரியும், முழுசாகப் போகவில்லை என்று.

பி.கு: நீல ரோஜா வாங்குகிறவர்கள் கவனத்துக்கு. காம்பின் வெட்டிய முனையைப் பாருங்கள், உள்ளே நிறம் தெரிந்தால் குடிக்க வைத்தது. இலை ஓரமும் இதழ் நரம்பும் அழுத்தமான நிறத்தில் இருந்தாலும் அதேதான். மேலே பூசியதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு இதழை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் வந்தால் வாங்க வேண்டாம். எந்தச் சாயமாக இருந்தாலும் அந்த இதழைச் சாப்பாட்டில் அலங்காரத்துக்குக்கூடப் போடாதீர்கள். முக்கியமாக, யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவர் எத்தனை மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதையும் ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்ளுங்கள்.